பார்க்காமல் வரையமாட்டார்

எங்கள் பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் பதினேழு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். அதில் ஒருத்தி வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்கிறாள். கடைசியில் ஒரு பையன் சீருடை இல்லாமல் சிவப்புக் காற்பந்துச் சட்டையில் நிற்கிறான். புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியரிலிருந்து கேஸ் தோம்பு இறக்க வருகிறவர் வரைக்கும் எல்லாரும் என்னிடம்தான் வந்து, இது ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. வரைந்தவரையே கேளுங்கள் என்று சொல்லலாம் என்றால், அந்த மனிதர் இப்போது கடல் தாண்டிக் கூச்சிங்கில் இருக்கிறார். தாதியாக வேலை செய்யும் மனைவிக்கு அங்கே மாற்றல் வந்தது, இவரும் கூடவே போய்விட்டார். போனவர் நிம்மதியாகப் போனாரா? விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்து, அந்தச் சிவப்புச் சட்டைப் பையனை யாரும் மாற்றி வரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

உயிரை வாங்குவது என்று சொல்வோமே, அதை அவர் பொறுமையாக, சிரித்த முகத்தோடு, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் செய்வார். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வரும். சண்டை போடுகிற ஆளாக இருந்தால் நாமும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்து சோறு சாப்பிடலாம்.

என் வீட்டுக்காரரோடு ராவாங்கில் ஒரு தரை ஓட்டுத் தொழிற்சாலையில் பத்துப் பதினொரு வருஷம் வேலை செய்தவர். பெல்ட்டில் நகர்ந்து வரும் ஓடுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பதுதான் அவர் வேலை. அதை விட்டுவிட்டு, கோலா சிலாங்கூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்துகொண்டு படம் வரைந்தே பிழைக்க ஆரம்பித்தார். மேலே முதலாளி கிடையாது. வெளிநாட்டுக் குழந்தைப் புத்தகம், கோலாலம்பூர் கம்பெனியின் விளம்பரப் படம், முறுக்குப் பாக்கெட், கிளினிக் சுவரொட்டி, எது வந்தாலும் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்வார் என்றுதான் சொன்னேன். சொன்ன நாளில் கொடுப்பார் என்று நான் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு வியாதி. கண்ணால் பார்க்காத எதையும் வரையமாட்டார்.

காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங் போவார். ரொட்டி சானாய் கடையில் பசியாறிவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, எதிரில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சட்டைப்பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நோட்டு, ஒரே ஒரு நீலப் பேனா. பென்சில் கிடையாது, அழிப்பான் கிடையாது. பத்துத் தடவை பார்த்தால் ஒரு கோடு விழும். ஒரு நாள் மலாய்க்கார வயல்காரர் ஒருவர், என்னை ஏன் இப்படி முறைக்கிறாய் என்று சண்டைக்கே எழுந்து வந்துவிட்டாராம். இவர் பேசாமல் நோட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் தன் காது மடலைத் தடவிப் பார்த்துவிட்டு, இவருக்கு ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு, முன்னைவிட நேராக உட்கார்ந்துகொண்டாராம். இதையெல்லாம் இவர் சொல்லவில்லை, கடைக்காரர் சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய், நோட்டில் இருப்பதை மூலை உடைந்த டேப்லெட்டில் ஏற்றி நிறம் கொடுப்பார். செம்பனை ஓலைக்கு என்ன பச்சை என்பதில் சந்தேகம் வந்தால் நடுவில் எழுந்து மறுபடியும் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருக்காக யார் காத்துக்கொண்டிருந்தால் என்ன?

போட்டோவைப் பார்த்து வரையக்கூடாதா என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "போட்டோவுல எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறாங்க டீச்சர்" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது.

ஒரு சமயம் டெங்கி காய்ச்சலுக்கு ஒரு கிளினிக்கின் சுவரொட்டி வேலை வந்தது. மனைவியின் சிபாரிசில் கிடைத்த வேலை. கொசு ஒன்று, சட்டியில் தண்ணீர் ஒன்று, பெருக்கல் குறி ஒன்று போட்டால் முடிந்தது. இவர் நான்கு கொசுவைப் பிடித்து ஜாம் பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்து ஒரு வாரம் பார்த்தார். பார்த்தது போதாதென்று, கடிக்கும்போது பின்னங்கால் எவ்வளவு உயரத்துக்குத் தூக்குகிறது என்று தெரியவேண்டுமாம், பாட்டில் வாயை முழங்கையில் கவிழ்த்து வைத்துக் கடிக்க விட்டிருக்கிறார். மனைவி வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு என் வீட்டுக்கு நேரே வந்து அழுதாள். தாதி வீட்டில் டெங்கிக் கொசு வளர்க்கிறார்கள் என்று வெளியே தெரிந்தால் என் வேலை என்ன ஆகும் அக்கா என்று கேட்டாள். நான் போய் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இடது பின்னங்கால்தான் முதலில் தூக்குகிறது என்றார்.

கிணற்றுக் கதை இன்னும் மோசம். கோலாலம்பூரில் ஒரு பதிப்பகம், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நரி ஒன்று கிணற்றில் விழுந்த கதையைக் கொடுத்து எட்டுப் படம் கேட்டது. எட்டே படம். அந்தப் பதிப்பகத்துக்கு இவரைச் சொல்லிவிட்டவள் நான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவர் மூன்று வாரம் கிணறு தேடினார். இந்தப் பக்கம் யார் வீட்டில் கிணறு இருக்கிறது? எல்லாம் குழாய்த் தண்ணீர், நீலத் தொட்டி, வாய்க்கால். யாரோ பாகான் நக்கோடா ஓமாரில் ஒன்று இருக்கிறது என்று சொல்ல, கொட்டுகிற மழையில் அங்கே போனார். மீன்பிடிக்காரர் ஒருவர் வீட்டுப் பின்புறம் கிணறு இருக்கத்தான் செய்தது. மேலே சிமெண்டு பலகை போட்டு மூடி, அதன்மேல் துணி துவைக்கும் இயந்திரத்தை வைத்திருந்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் இயந்திரத்தை விட்டுவிட்டுக் கிணற்றை மட்டும் வரைந்திருப்பார். இவர் அப்படியே வரைந்து அனுப்பினார். நரியைப் பார்த்ததில்லை என்று டயர் கடை நாயை வரைந்திருந்தார். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு நாய் யோசித்துக்கொண்டு நிற்கிறது. பதிப்பகத்து அம்மாள் எனக்குப் போன் செய்து, இது எந்தக் கதைக்கு வரைந்தது என்று மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்றோடு அவருக்கு அந்த வேலை போயிற்று, எனக்கு அந்த அம்மாளின் சிநேகம் போயிற்று. நான் சத்தம் போட்டதற்கு, அந்த நாய் குணத்தில் நரிதான் டீச்சர் என்று ஆறுதல் சொன்னார்.

இந்த வியாதி எங்கே பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் எல்லாப் பிள்ளையும் வரைவதைத்தான் அவரும் வரைந்தாராம்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வயல், ஒரு வீடு. தோட்டத்து வீட்டில் அவருடைய அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து, மலை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாளாம். எங்கள் பக்கம் நிலம் தட்டையாகக் கடல் வரைக்கும் போகிறது. கோலா சிலாங்கூர் குன்று ஒன்றைத் தவிர மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அக்கா விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். இவர் இன்றுவரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது?

ஆனால் வேறு வழி இல்லை. எங்களுடையது தோட்டத்துக்குள் இருக்கும் பள்ளி. சுற்றிலும் செம்பனை. நம் சனங்கள் எப்போதோ வெளியேறி டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷம் ஆறு வகுப்புக்கும் சேர்த்து மொத்தமே பதினோரு பிள்ளைகள். அதில் நான்கு பேர் ஆறாம் ஆண்டு முடித்துப் போகிறவர்கள். அடுத்த தவணைக்கு முதலாம் ஆண்டில் பதிந்திருந்தது ஒரே ஒரு பிள்ளை. ஐந்து பேராவது சேராவிட்டால் பள்ளியை மூடி இருக்கிற பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. எனக்கென்ன, வேறு இடத்துக்கு மாற்றல் கொடுப்பார்கள், போய் உட்கார்ந்து பாடம் நடத்துவேன். மிச்சம் இருக்கும் ஏழு பிள்ளைகளின் வீட்டுப் பக்கம் பஸ் வராது. அப்பா அம்மா விடிகாலையில் வேலைக்குப் போகிற வீடுகள். அந்த ஏழில் இரண்டு மூன்று பேர் பள்ளிக்கூடமே போகாமல் நின்றுவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து பேர் வேண்டும். ராத்திரி படுத்தால் இதே நினைப்புத்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் நல்ல மனிதர், அவசரக்காரர். கைப்பேசியில் ஏஐ செயலியிடம் நான்கு வரி தட்டி ஒரு படத்தை வரவழைத்தார். நாற்பது பிள்ளைகள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள், பின்னால் மணிக்கூண்டு, அதற்கும் பின்னால் பனி மூடிய மலை. ஒரு பிள்ளைக்கு ஆறு விரல். அதைப் பெரிய பேனராக அடித்து முச்சந்தியில் கட்டிவிட்டார். மறுநாள் சந்தையில் ஒரு தாய் என்னை நிறுத்தினாள்.

"டீச்சர், அது யாரு பிள்ளைங்க? உங்க ஸ்கூல்ல பிள்ளைங்களே இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே பேனரை இறக்க வைத்து, இவரைக் கூப்பிட்டு, பெரிய சாலையைப் பார்த்திருக்கும் வெளிச்சுவரைக் காட்டினேன். பிள்ளைகள் நிறைய வேண்டும், போகிற வருகிற பெற்றோர் பார்த்து ஆசைப்படவேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். சுவரில் வரைந்து பழக்கமில்லை, கட்டம் போட்டுப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்றார். பத்து நாள் எங்கள் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு இரண்டு வாரம் சுவரில் வேலை செய்தார்.

போய்ப் பார்த்தால் பதினோரு பிள்ளைகள் நிற்கிறார்கள். அச்சு அசலாக அவர்களேதான், அதில் குறை சொல்ல முடியாது. சண்டை போட்டுக் கொண்டவர்கள் தள்ளி நிற்கிறார்கள், மூக்கு ஒழுகுகிறவனுக்கு மூக்கு ஒழுகுகிறது. அதற்குப் பக்கத்தில் பாதிச் சுவர் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. யாராவது பார்த்தால், பாதிப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

"மீதியையும் நிரப்புங்க அண்ணே. இன்னும் கொஞ்சம் பிள்ளைங்களைப் போடுங்க" என்றேன்.

"பதினோரு பேர்தான் இருக்காங்க டீச்சர்."

"மத்ததை மனசுல இருந்து போடுங்களேன்லா."

"என் மனசுல பிள்ளைங்க இல்லியே டீச்சர்" என்றார், சும்மா ஒரு தகவலைச் சொல்வதுபோல. அவருக்கும் மனைவிக்கும் குழந்தை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அதைப்பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. "எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க. போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

இருந்த கோபத்தில் ஆறு முகவரியை ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தேன். சுற்று வட்டாரத்தில் அடுத்த தவணைக்கு முதலாம் ஆண்டு போக வேண்டிய தமிழ்ப் பிள்ளைகள் எனக்குத் தெரிந்து அந்த ஆறு பேர்தான், ஏற்கெனவே பதிந்த பிள்ளையும் சேர்த்து. போகிறதுதான் போகிறார், பள்ளியைப் பற்றிய துண்டுத் தாளையும் கொடுத்துவிட்டு வரட்டும் என்று ஒரு கட்டைக் கையில் திணித்தேன். அவர் வீடு வீடாகப் போனார், உட்கார்ந்தார், பார்த்தார், வரைந்தார். சுவரில் போடலாமா என்று அந்தந்த வீட்டில் இருந்தவர்களைக் கேட்டார். துண்டுத் தாள் மட்டும் மோட்டார் கூடையிலேயே கிடந்து மழையில் ஊறிக் களியாகிவிட்டது. பிள்ளையை எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஒரு வீட்டிலாவது ஒரு வார்த்தை சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. எதற்குப் போனார் என்பதையே மறந்திருப்பார்.

அந்த ஆறு பேரும் சுவரில் ஏறினார்கள். எப்படி ஏறினார்கள்? ஒருவன் சிவப்புக் காற்பந்துச் சட்டையில், ஒருத்தி இரவு உடையில், ஒருவன் மேலே சட்டையே இல்லாமல். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, இது பள்ளிக்கூடமா, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையா என்று என்னைக் கேட்டார். நான் இவரைக் கேட்டேன்.

"யூனிபார்ம்ல நான் பார்க்கலையே டீச்சர். வந்து சேரட்டும், பார்த்துட்டு மாத்திடறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் நடந்ததைச் சொல்லவேண்டும். தங்கள் படம் சுவரில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் வீட்டில் உயிரை எடுத்திருக்கிறார்கள். சாயங்கால நேரத்தில் பெற்றோர் காடியை நிறுத்தி இறங்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சட்டை இல்லாதவனுடைய அப்பா முதலில் சிரித்தார், மறுநாள் வந்து பதிவுப் பாரம் கேட்டார். இரவு உடைக்காரி வந்தாள். இன்னொருத்தியும் வந்தாள். ஏற்கெனவே பதிந்ததோடு சேர்த்து நான்கு ஆயிற்று. காற்பந்துச் சட்டைப் பையன் வீட்டார் கிள்ளானுக்குக் குடிபோய்விட்டார்கள். அவனைச் சீருடையில் தான் பார்க்கவில்லை என்று இவர் கடைசிவரை மாற்ற மறுத்துவிட்டார். அதுதான் அந்தச் சிவப்புச் சட்டையின் கதை.

மிச்சம் இருந்தது ஒரே பிள்ளை. பெயர் எஸ்தர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த கையோடு வரைந்த படம். ரோஸ் கவுன், வெள்ளைச் சப்பாத்து, முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. அவள் சேர்ந்தால் ஐந்து.

சேரவில்லை. அவள் அம்மா சண்டைக்கு வந்தாள். கோலா சிலாங்கூரில் அலுவலக வேலை செய்பவள், அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சிலிருந்து நேரே சந்தைக்குப் போயிருக்க, செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டும் கணவன் மட்டும் வீட்டில் இருந்தபோது இவர் போய் வரைந்திருக்கிறார். கணவன் பெருமையாகத் தலையை ஆட்டியிருக்கிறான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. டவுனில் பெரிய பள்ளி ஒன்றில் மகளை எப்போதோ பதிந்துவிட்டாள். வேலைக்குப் போகிற வழியில் பார்த்தால் தன் மகள் எங்கள் சுவரில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என் பிள்ளையை வச்சு விளம்பரம் பண்றீங்களா டீச்சர்? நானும் தோட்டத்து ஸ்கூல்லதான் படிச்சேன். குறை சொல்லலை. ஆனா பதினோரு பிள்ளை இருக்கற எடத்துல என் மக யார்கூட விளையாடுவா?"

அவள் கேட்டது நியாயம். மன்னிப்புக் கேட்டேன், அழித்துவிடுகிறோம் என்றேன். இவரிடம் சொன்னதற்கு, அழிக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளையிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழிக்கிறேன், எனக்காக முக்கால் மணி நேரம் ஆடாமல் நின்றது என்றார். ஒரு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. அந்தம்மா, இன்னும் இருக்கிறதே என்று எனக்குத் தகவல் அனுப்பினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பள்ளி விட்டதும் மிச்சமிருந்த வெள்ளைச் சாயத்தை எடுத்து, உருளையால் நானே அடித்துவிட்டேன். ஒரு பிள்ளையின் முகத்தில் வெள்ளை அடிப்பது சொல்கிற மாதிரி லேசு இல்லை. பார்க்க மனமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடித்தேன்.

மறுநாள் அவர் வந்து சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சப்பாத்து விட்டுப் போச்சு டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தார். உண்மைதான். கீழே இரண்டு வெள்ளைச் சப்பாத்து மட்டும் ஆளில்லாமல் நின்றது. அதையும் அழிக்க எனக்குத் தெம்பு வரவில்லை.

தவணை தொடங்கிய முதல் நாள். புதிய பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள், நான்கே பேர். தலைமையாசிரியர் பத்து மணிக்குள் எண்ணிக்கையை மேலே சொல்லியாக வேண்டும், கையில் போனை வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். ஒன்பது மணிவாக்கில் வாசலில் ஒரு காடி வந்து நின்றது. எஸ்தரின் அம்மா இறங்கினாள். முகம் வாடிக் கிடந்தது.

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம் மகள். இன்றைக்கு டவுன் பள்ளி வாசலில் தூணைக் கட்டிக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்று ஒரே அழுகையாம். நான் சுவரில் இருக்கிற பள்ளிக்குத்தான் போவேன் என்கிறாளாம். முடிவு ஒன்றும் செய்யவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று இரண்டு தடவை சொன்னாள். எஸ்தர் புதுச் சீருடையில் இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே சுவருக்கு ஓடினாள்.

ஓடி நின்றாள். வெள்ளையைப் பார்த்தாள், கீழே சப்பாத்தைப் பார்த்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நான் எங்க?"

நான்தான் அழித்தேன் கண்ணு என்றேன். அவள் அழவில்லை. நடந்து போய்க் காடிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். ஐந்தாவது பிள்ளை அந்தக் காடிக்குள் இருக்கிறது, அழித்தவள் நான். கால் மணி நேரம் இருங்கள் என்று கெஞ்சி அவளை நிறுத்திவிட்டு இவருக்குப் போன் போட்டேன்.

ரொட்டி சானாய் கடையிலிருந்து வந்தார், விரலில் இன்னும் குழம்பு வாசனை. வந்தவர் என்னிடமும் பேசவில்லை, தலைமையாசிரியரிடமும் பேசவில்லை. காடிக் கண்ணாடி உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து எஸ்தரைப் பார்த்தார். நோட்டை எடுத்தார். மணி ஒன்பதரை.

"பழைய படம் நோட்டுல இருக்குமில்ல, அதைப் பார்த்துச் சட்டுன்னு போட்டுடுங்க அண்ணே" என்று காதருகில் சொன்னேன். சத்தம் போடாமல் கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"அது அப்ப இருந்த பிள்ளை டீச்சர்" என்றார். "இப்பப் பல்லு முளைச்சிருக்கு பாருங்க."

எஸ்தர் நாக்கால் தொட்டுப் பார்த்தாள். அம்மா குனிந்தாள். "எங்க? எனக்குக் காட்டவே இல்லியே" என்றாள். பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து வாயை ஆவென்று திறந்தது. கீழிருந்து பார்த்தால் ஈறில் அரிசி முனை மாதிரி ஒன்று தெரிந்தது. பெற்ற தாய் பார்க்கவில்லை, பதினெட்டு வருஷம் பிள்ளைகளோடு இருக்கிற நான் பார்க்கவில்லை.

"அப்படியே இரும்மா" என்றார் அவர்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பத்துத் தடவை பார்த்தால் ஒரு கோடு, அன்றைக்கும் அதே கணக்குத்தான். தலைமையாசிரியர் போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, இந்த மனிதர் ஒரு பல்லுக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறார். சத்தம் கேட்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் வகுப்பிலிருந்து வந்துவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு அவர்களும் எஸ்தருக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து ஆளுக்கு ஒரு பல்லைக் காட்ட ஆரம்பித்தார்கள். சட்டையில்லாமல் வரையப்பட்டவன் தனக்கு ஆடுகிற பல்லை விரலால் ஆட்டிக் காட்டினான். எஸ்தர் வாயை மூடாமலே அவன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் அம்மா கொஞ்ச நேரம் அந்த ஐந்து பேரையும் பார்த்தாள். பிறகு குந்தியிருக்கும் மனிதரைப் பார்த்தாள். தன் மகளை இப்படி யாரும் பார்த்து அவள் பார்த்ததில்லையோ என்னவோ, எனக்குத் தெரியாது. கைப்பையைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று டவுன் பள்ளியில் வாங்கி மடித்து வைத்திருந்த மாற்றல் பாரத்தை எடுத்துக் காடியின் முகப்பில் விரித்தாள். பேனா தேடினாள். நான் என் பைக்கு ஓடுவதற்குள், அவள் குனிந்து அவர் விரலிலிருந்த நீலப் பேனாவை மெல்ல உருவிக்கொண்டாள்.

அவருக்கு அது தெரியவே இல்லை. பல்லைப் பார்த்துக்கொண்டே, வெறும் விரலால் தாளில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டு, தாளை என்னிடம் நீட்டிவிட்டு, பேனாவைத் திருப்பி அவர் விரலுக்கு நடுவில் வைத்தாள்.